மஞ்சள் தண்ணீர் அன்று விட்ட குத்து

தெருச் சண்டைக்கு எது உதவும், பாக்ஸிங்கா, கராத்தேவா, சிலம்பமா என்று யாராவது ஆரம்பித்தால் இப்போதெல்லாம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன். ஒரு காலத்தில் அந்தக் கேள்வி வராதா என்று காத்துக் கிடந்தவன்தான் நான். பதில் என் வலது கையில் இருப்பதாக நினைப்பு. அந்தக் கை கடைசியாகக் குத்தியது எங்கள் பங்காளி வீட்டு மாப்பிள்ளையை. அவர் கல்யாணச் சமையல்காரர். பிழைப்பாரா மாட்டாரா என்று ஐந்து நாள் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தேன். பிழைத்துக்கொண்டார். ஆனால் முழு ஆளாகத் திரும்பி வரவில்லை.

எங்கள் ஊர் வில்லியனூருக்கு மேற்கே இருக்கிறது. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். வேலைக்குப் போவதற்கு முன்னால் நாலு வருஷம் தினமும் பஸ் பிடித்து டவுனுக்குப் போய் பாக்ஸிங் கற்றுக்கொண்டேன். ஒரு போட்டியில் இறுதிச் சுற்று வரை போனேன். ஒரே ஒரு பாயிண்ட்டில் தோற்றதாகப் பத்து வருஷமாக ஊருக்குள் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் மூன்றாவது ரவுண்டில் என் முகத்தைப் பார்த்த ரெஃப்ரி, போதும் என்று நிறுத்திவிட்டார்.

என் நண்பன் ஒருவன் கராத்தேவில் பிளாக் பெல்ட். பாகூர்ப் பக்கத்துக்காரன். ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்ட். ஷிஃப்ட் முடிந்து வந்தால் டீக்கடையில் எங்கள் இருவருக்கும் இந்தத் தகராறுதான். டீக்கடைக்காரர் சிலம்பம் ஆடியவர். "கையில ஒரு கம்பு இருந்தா ஒங்க ரெண்டு பேரையும் வரிசயா நிக்க வெச்சு அடிப்பேன்" என்பார். "நீ வூட்டுக்குப் போயி கம்ப எடுத்துனு வர வரிக்கும் அவன் டீ குடிச்சினு இருப்பானாண்ணா?" என்று நான் கேட்பேன். கடையே சிரிக்கும்.

முதல் சண்டையில் பாக்ஸிங்தான் ஜெயித்தது. அதை மறைத்தால் நான் பொய்யன்.

எங்கள் பக்கத்தில் புதுச்சேரியும் தமிழ்நாடும் பின்னிக்கொண்டு கிடக்கும். ஒரு ஊர் எங்களுடையது என்றால் அடுத்த ஊர் விழுப்புரம் மாவட்டம், அதற்கடுத்தது மறுபடியும் எங்களுடையது. எல்லையில் இருக்கும் சாராயக்கடைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பைக் பைக்காக வருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படி ஒரு கடைக்கு எதிரே நானும் நண்பனும் வறுத்த மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். மூன்று பேர் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்கள் பைக்கை எடுக்கும்போது என் பைக்கைச் சாய்த்துவிட்டார்கள். இண்டிகேட்டர் உடைந்தது.

"கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது?" என்றேன்.

ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். நண்பன் முந்திக்கொண்டான். அவன் கால் சாதாரணமாகத் தலை உயரத்துக்குப் போகும். நானே பார்த்து வாய் பிளந்திருக்கிறேன். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை, கைலி கட்டியிருந்தான். கால் இடுப்பு உயரம் போனதும் கைலி அதைப் பிடித்து நிறுத்திவிட்டது. ஊன்றியிருந்த கால் மீன் எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி, மல்லாக்க விழுந்தான். விழும்போதும் ஒரு காரியம் செய்தான். முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தரையை அறைந்தபடி விழுந்தான். தலை தரையில் படவே இல்லை. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டு பேர் அவன் விலாவில் உதைக்க ஆரம்பித்தார்கள்.

சட்டையைப் பிடித்திருந்தவனுக்கு இடது கையால் நேராக ஒரு ஜாப் விட்டேன். மூக்கு எலும்பு போகும்போது விரல் முட்டியில் தெரியும், அப்பளம் நொறுங்குவது போல. அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். விரல் இடுக்கு வழியாக ரத்தம் என் சட்டை மேல் தெறித்தது. உதைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் திரும்பினான். அவன் வலது விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு ஹூக் வைத்தேன். கல்லீரலில் விழுந்த குத்து உடனே வலிக்காது, ஒரு நொடி கழித்துத்தான் வலிக்கும். அந்த ஒரு நொடி அவன் என்னைப் பார்த்து இளித்தான். பிறகு உட்கார்ந்து, குடித்ததை எல்லாம் தன் மடியிலேயே கக்கினான். மூன்றாமவன் பாட்டிலை உடைத்துக்கொண்டு வந்தான். பாட்டில் நீள்வதற்குள் காதோரத்தில் இரண்டு வாங்கிக்கொண்டான். பாட்டிலைப் போட்டுவிட்டுப் பக்கத்துக் கரும்புக் காட்டுக்குள் ஓடியவன் திரும்பவே இல்லை.

எல்லாம் சேர்த்து அரை நிமிஷம் இருக்கும். எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை. ஆனந்தமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டால் இந்தக் கதையைச் சொல்லியே பயன் இல்லை. ரத்தம் தெறித்த சட்டையை மாற்றாமல் ஊர் முழுக்க ஒரு சுற்று வந்தேன். டீக்கடையில் தீர்ப்பு எழுதியாயிற்று. என் நண்பனுக்குக் 'கைலி கராத்தே' என்று பட்டப்பெயர் வந்தது.

அவன் விலாவைப் பிடித்துக்கொண்டே சொன்னான்: "சிரிங்கடா. எங்க மாஸ்டரு மொத மூணு மாசம் அடிக்கவே கத்துக் குடுக்கல, வுழறதுக்குத்தான் கத்துக் குடுத்தாரு. அதனாலதான் மண்ட பொளக்கல. ஒங்க பாக்ஸிங்ல வுழறதுக்கு எவனாவது கத்துக் குடுப்பானா?"

"வுழறவனுக்குத்தாண்டா அது வேணும்" என்றேன் நான்.

இரண்டாவது சண்டையில் நான் விழுந்தேன். அது மாசி மாதம், கரும்பு வெட்டு உச்சத்தில் இருந்த நேரம். நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்குப் பைக்கில் வந்துகொண்டிருந்தேன். பண்டசோழநல்லூர்ப் பக்கம் ஒரு கரும்பு டிராக்டர் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் மேலே ஏறிச் சரிந்த கரும்பைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அஞ்சு நிமிசம் இருண்ணா" என்றான் மரியாதையாகத்தான்.

எனக்குத் தூக்கம் இல்லாத எரிச்சல். மட்கார்டை ஓங்கித் தட்டி, அவன் தாயாரைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னேன். அவன் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு நிதானமாக இறங்கினான். குட்டை ஆள், தொடை இரண்டும் அடிமரம். கபடி டீமில் ஆடுகிறவன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கையைத் தூக்கினேன். சாராயக்கடை வாசலில் ஜெயித்த கை அல்லவா.

இரண்டு ஜாப் போனது. இரண்டையும் தலையைக் குனிந்து நெற்றியில் வாங்கிக்கொண்டான். நெற்றி எலும்பில் குத்தினால் வலி குத்தினவனுக்குத்தான். மூன்றாவது குத்துக்குத் தோளைத் திருப்பும்போது அவன் அங்கே இல்லை. என் முட்டிக்குப் பின்னால் அவன் இரண்டு கையும் பூட்டிக்கொண்டது தெரிந்தது. கரும்புத் தோகை தெரிந்தது, பிறகு வானம் தெரிந்தது. முதுகு தரையில் மோதியதும் மூச்சு வெளியே போனது, உள்ளே வரவில்லை. என்னைப் புரட்டி, கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, முழங்காலைக் கழுத்தில் வைத்தான். வாய் நிறையக் கரும்புச் சோகையும் சேறும். ஏதோ கல்லில் பட்டு முன்பல் ஒன்று போனது. காதில் கை முட்டியால் மூன்று தடவை இறக்கினான். மூன்றையும் எண்ணிக்கொண்டேன். ரிங்கில் எதிராளி கட்டிப் பிடித்தால் ரெஃப்ரி ஓடி வந்து பிரித்துவிடுவார். நாலு வருஷம் பழகினதில் என் உடம்பு அந்த ரெஃப்ரிக்காகவே காத்துக்கொண்டிருந்தது. கரும்புக் காட்டில் ஏது ரெஃப்ரி?

"சொல்லுண்ணா, எங்கம்மா இன்னா?"

"தெரியாம பேசிட்டேன்."

"சத்தமா சொல்லு."

சத்தமாகச் சொன்னேன். கரும்பு வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் வெட்டரிவாளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வுட்ருப்பா, பாவம், கம்பினிக்குப் போயிட்டு வர ஆளு" என்று ஒரு அம்மா பரிந்து பேசினார். காதில் விழுந்த அடியைவிட அந்த 'பாவம்'தான் எனக்கு வலித்தது.

சேதி எனக்கு முன்னால் டீக்கடைக்கு வந்து சேர்ந்திருந்தது. "பாக்ஸர் அவுட்டு. பண்டசோழநல்லூருக்கு ஒரு பாயிண்ட்டு" என்றான் கைலி கராத்தே. டீக்கடைக்காரர், "பல்லு போன எடத்துல பன்னு சாப்புடு, மெத்துனு இருக்கும்" என்று ஒரு பன்னை எடுத்து நீட்டினார். நானும் சிரித்தேன். உள்ளே வெந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே ஒரு சாக்கில் மணலும் உமியும் அடைத்து வீட்டுக் கொல்லைப் புளியமரத்தில் தொங்கவிட்டேன். குனிந்து உள்ளே வருகிறவனுக்கு மருந்து ஒன்றுதான். முட்டியை மடக்கி, இடுப்பிலிருந்து எழுந்து, கீழிருந்து மேலாக முகவாயில் வைக்க வேண்டும். அப்பர்கட். மூன்று வாரம் அந்த ஒரே குத்து, தினம் இருநூறு தடவை. அப்பா பார்த்துவிட்டு, "சாக்கு இன்னாடா பாவம் பண்ணுச்சு?" என்றார். யாராவது குனிந்து வர மாட்டானா என்று இருந்தது எனக்கு. நான் செய்த குற்றத்தில் பாதி அந்தப் புளியமரத்தடியிலேயே செய்து முடித்துவிட்டேன்.

பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குச் செடல் திருவிழா, உடம்பில் கொக்கி குத்திக்கொண்டு வேண்டுதலைத் தீர்ப்பார்கள். செடல் முடிந்த மறுநாள் மஞ்சள் நீராட்டு. மஞ்சள் தண்ணீரை யார் வேண்டுமானாலும் யார் மேல் வேண்டுமானாலும் ஊற்றிவிட முடியாது. முறை வேண்டும். மாமன் மச்சான், அக்கா புருஷன், அத்தை மகள், மச்சினி, இவர்களுக்குள்தான். பங்காளிக்குப் பங்காளி ஊற்றினால் தப்பு. முறை உள்ளவர்கள் குடம் குடமாக ஊற்றலாம், முகத்தில் பூசலாம், துரத்திப் பிடிக்கலாம். அன்றைக்குக் கோபப்படக் கூடாது என்பது ஊர்க் கட்டு. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் புருஷனோடு வருவதே இதற்காகத்தான்.

காலை பதினொரு மணி இருக்கும். நானும் நண்பனும் தெருமுனையில் நின்றிருந்தோம். அடிபம்புப் பக்கம் என் தங்கச்சி அலறும் சத்தம் கேட்டது. திரும்பினேன். ஒரு ஆள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தலையோடு குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். முகம், தலை, சட்டை எல்லாம் மஞ்சளும் குங்குமமும் அப்பி, ஆள் யாரென்று தெரியவில்லை. எங்கள் தெருக்காரன் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. எங்கள் தெரு என்றால் எல்லாரும் பங்காளி, எவனும் என் தங்கச்சி மேல் ஊற்ற முடியாது. ஆகவே எவனோ வெளியூர்க் குடிகாரன், முறை இல்லாதவன். என் மண்டைக்குள் கணக்கு இவ்வளவு வேகமாக முடிந்துவிட்டது.

பங்காளி வீட்டில் ஒரு பெண்ணைப் போன ஐப்பசியில்தான் பூரணாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். பெரியப்பா மகள். எனக்குத் தங்கை, என் தங்கச்சிக்கு அக்கா. அக்கா புருஷனைவிட மஞ்சள் தண்ணீர் ஊற்ற உரிமை உள்ளவர் யார்? கல்யாணத்தன்று எனக்கு டபுள் ஷிஃப்ட், போகவில்லை. மாப்பிள்ளையை போன் போட்டோவில் பார்த்ததோடு சரி. வேறு எவனாக இருந்தாலும் ஓடுவதற்கு முன் பக்கத்தில் நிற்பவனிடம், "யாருப்பா அது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று ஆத்திரத்தோடு ஆசையும் இருந்தது. நண்பன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் ஓடி வருவதை அவர் பார்த்தார். சிரித்தார். மச்சானுக்கும் ஊற்ற வேண்டும் என்று காலடியில் இருந்த பக்கெட்டை எடுக்கக் குனிந்தார்.

குனிந்து வந்த அந்தத் தலையைப் பார்த்ததும் என் முட்டி தானாக மடங்கியது. மூன்று வாரம் சாக்கில் விழுந்தது அவர் முகவாயில் விழுந்தது. பல்லும் பல்லும் மோதிய சத்தம் கேட்டது. என் கைக்குள் ஏதோ ஒடிந்ததும் தெரிந்தது. அவர் கண் அந்தக் கணமே அணைந்துவிட்டது. கண் அணைந்தவனுக்குக் கை தரையைத் தேடாது, முகவாய் நெஞ்சுக்குப் போகாது. நின்ற நிலையில் அப்படியே பின்னால் சாய்ந்தார். அடிபம்பைச் சுற்றி சிமெண்ட் கட்டை உண்டு. பின்மண்டை அதன் விளிம்பில் இறங்கியது. அந்தச் சத்தத்தை நான் எதனோடும் ஒப்பிட விரும்பவில்லை.

ரிங்கில் ஆள் விழுந்தால் பத்து எண்ணுவார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு வரும்போது அவர் இரண்டு கையும் விறைத்து மேலே எழுந்தன. ஆறு வரும்போது குறட்டை போல ஒரு மூச்சு வந்தது. எட்டு வரும்போது காதிலிருந்து ரத்தம் ஒழுகி, கட்டையைச் சுற்றித் தேங்கியிருந்த மஞ்சள் தண்ணீரில் கலந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தி நிறம். அன்றிலிருந்து யாராவது ஆரத்தித் தட்டோடு எதிரே வந்தால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

"அண்ணா, மாமாண்ணா! நம்ம அக்கா வூட்டு மாமாண்ணா!" என்று தங்கச்சி கத்தினாள். அவள் முதலில் அலறியது சிரிப்பில்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆம்புலன்ஸில் நண்பன்தான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு போனான். நான் பின்னாலேயே பைக்கில் போனேன். வலது கை விரல்கள் மடங்கவில்லை, உள்ளங்கையால் அழுத்தித்தான் ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். ஆஸ்பத்திரியில் என் கையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், சுண்டுவிரல் எலும்பு முட்டிக்குக் கீழே இரண்டாகி இருக்கிறது என்றார். ரிங்கில் பேண்டேஜ் சுற்றி, மேலே கிளவுஸ் மாட்டிக் குத்துகிற கை. வெறுங்கையின் எலும்பு எவ்வளவு தாங்கும் என்று நாலு வருஷத்தில் எனக்கு யாரும் சொன்னதில்லை.

"எப்படி ஆச்சு?" என்றார்.

"செவுத்துல குத்திட்டேன் சார்."

"செவுரு எப்படி இருக்கு?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. ஐந்து நாள் கண் திறக்கவில்லை. தெருப் பெரியவர்கள் கூடிப் பேசி, மஞ்சள் தண்ணீரில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று போலீஸ் அவுட்போஸ்ட்டில் எழுதிக் கொடுத்தார்கள். நான் கட்டுப் போட்ட கையைத் துண்டால் மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மூன்று பேரை அரை நிமிஷத்தில் அடித்த வீரனுக்கு, நான்தான் குத்தினேன் என்ற இரண்டு வார்த்தைக்குத் தைரியம் இல்லை.

பெரியப்பா மகள் அப்போது முழுகாமல் மூன்று மாசம். இரண்டாம் நாள் வராந்தாவில் என் எதிரே வந்து நின்றாள். அழவில்லை.

"எதுக்குண்ணா அடிச்ச?"

துண்டு விலகித் தெரிந்த கைக்கட்டை இழுத்து மூடினேன்.

"மஞ்சத்தண்ணி ஊத்துனதுக்காண்ணா?"

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. நான் போய் வாசல் அருகே உட்கார்ந்துகொண்டேன். அவர் செத்துப்போனால் நானும் இருக்கப்போவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அது வீரம் ஒன்றும் இல்லை, பயம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மீதி ஆயுளை அதே தெருவில் ஓட்ட வேண்டுமே என்ற பயம்.

ஆறாம் நாள் கண் திறந்தார். போலீஸ்காரர் வந்து கேட்டபோது, "வழுக்கி வுழுந்துட்டேன் சார்" என்று அவரும் சொன்னார். யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. போலீஸ்காரர் போனதும் என்னைப் பார்த்து, கோணிய வாயால், "ஒங்க கை எப்படி இருக்குது மச்சான்?" என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

வைகாசியில் சமையல் வேலைக்குத் திரும்பினார். முதல் நிச்சயதார்த்தத்திலேயே சாம்பார் அடி பிடித்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். அவர் அண்டாவுக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாராம். ஒரு வாசனையும் வரவில்லையாம். மறுபடி டாக்டரிடம் போனார்கள். பின்மண்டையில் விழுந்த அடியில் மூளை முன்பக்கமாகப் போய் மோதியிருக்கிறது, வாசனையை எடுத்துப் போகிற நரம்பு நூல் மாதிரி மெல்லிசு, அறுந்துவிட்டது, இனி ஒட்டாது என்று சொல்லிவிட்டார்.

ஆனியில் பூரணாங்குப்பம் போனேன். காலில் விழுவதாக எண்ணம். வீட்டுப் பின்னால் கொட்டகையில் சாம்பார்ப் பொடிக்கு மிளகாயும் மல்லியும் வறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அடுத்த முகூர்த்தம், ஆள் கிடைக்காத தொல்லை என்று ஏதேதோ பேசிக்கொண்டே கிண்டினார். மல்லி பொன்னிறம் தாண்டிவிட்டது. கருகல் நெடி எனக்குத் தொண்டையில் அடித்தது. அவர் புகைக்கு நடுவில் நின்றுகொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, கருவுது!" என்று கத்திவிட்டேன்.

சட்டென்று அடுப்பை அணைத்தார். கரண்டியில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மூக்குக்குக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, கீழே வைத்தார்.

"எப்பத்துலருந்து வாசன வந்திச்சு?"

"ஒரு நிமிசமா."

"அப்பவே சொல்லியிருக்கலாம் மச்சான்" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால், இரண்டு அறை விட்டிருந்தால், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு சொன்னார்: "ஆவணியில நாலு கல்யாணம் ஒத்துக்கினு இருக்கறேன். லீவு போட்டுனு வர முடியுமா?"

நாலு கல்யாணத்துக்கும் போனேன். அடுப்பு அடுப்பாகக் குனிந்து முகர்வதுதான் வேலை. நெய் காய்ந்ததா, ரசம் பொங்கும் பதமா, கேஸ் கசிகிறதா என்று பார்த்துச் சொல்வேன். ஒரு கல்யாணத்துக்கு என் நண்பன் சாப்பிட வந்திருந்தான். நான் தலையில் துண்டோடு அண்டா மேல் குனிந்திருப்பதைப் பார்த்தான். கிண்டல் ஒன்று அவன் வாய் வரை வந்துவிட்டது, பார்த்தாலே தெரிந்தது. சொல்லாமல் துண்டை வாங்கித் தன் தலையில் கட்டிக்கொண்டு வாழையிலை நறுக்க உட்கார்ந்துவிட்டான். பாக்ஸிங்கா கராத்தேவா என்று நாங்கள் இருவரும் அப்புறம் பேசிக்கொள்ளவில்லை.

புரட்டாசியில் குழந்தை பிறந்தது. பெண். தலைப் பிரசவம் தாய் வீட்டில்தானே, எங்கள் தெருவுக்கே வந்திருந்தார்கள். பதினைந்தாம் நாள் போய்ப் பார்த்தேன். பெரியப்பா மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். பிறகு குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தார். என் வலது கை கோணலாகத்தான் கூடியிருக்கிறது, சுண்டுவிரல் மடங்காது. நழுவவிடுவேனோ என்று நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"மோந்து பாருங்க மச்சான். இன்னா வாசன வருது?"

குனிந்து முகர்ந்தேன். பால் வாசனை வந்தது. கொஞ்சம் வசம்பு, கொஞ்சம் சாம்பிராணிப் புகை. அதற்கும் அடியில் வெதுவெதுப்பாக இன்னொன்று வந்தது. அந்தக் குழந்தைக்கு மட்டும் உரியது அது. அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. தலையை எடுக்கவே மனம் வரவில்லை. நிமிர்ந்தபோது பெரியப்பா மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பால் வாசன மாப்ள" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்" என்று பொய் சொன்னேன்.